குட்டியின் பல்லும் பெரிய நாயின் பல்லும் ஒன்றல்ல

கேள்வி: மட்டக்குளியில் வீட்டோடு சேர்ந்த சிறு காணியில் பொன்னாங்காணியும் கங்குங்கும் போட்டு, கொஞ்சம் கோழியும் வளர்க்கிறேன். காவலுக்கு 6 வயது நாய் ஒன்று, சங்கிலியில் கட்டியிருக்கிறோம். போன மாதம் 5 கிழமைக் குட்டி ஒன்றும் கொண்டுவந்தோம். அது பிள்ளைகளின் கை, குதிக்கால் எல்லாம் கடிக்கிறது. மூக்கில் தட்டினால் இன்னும் கூடுகிறது. பெரியது, கீரை எடுக்க வரும் பெடியன் அதன் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தால் போனபோது காலில் கடித்துவிட்டது. சிறு கீறல்தான். "காவல் நாய் என்றால் கடிக்கத்தானே வேணும்" என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?

பதில்: நாயை விடுங்கள், முதலில் அந்தப் பெடியனைக் கவனியுங்கள். கீறல் சிறிது என்று விட்டிருந்தால் இன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நாள் கடந்துவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். நாய்க்கடியால் வரும் விசர் நோய் (ரேபிஸ்) வெளியே தெரியக் கிழமைகளோ மாதங்களோ எடுக்கலாம், தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை. இனி யாரையாவது கடித்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசக்கூடாது. நாய்க்கு விசர் ஊசி போட்டிருந்தாலும் அந்த ஊசி அட்டையைக் காட்டுங்கள், என்ன செய்வதென்று டொக்டர் தீர்மானிக்கட்டும். கடித்த நாளிலிருந்து 14 நாள் நாயைக் கட்டுக்காவலில் வைத்துப் பாருங்கள். இடையில் செத்தால் புதைத்துவிடாதீர்கள். தலையைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதிப்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அதற்கு வழி சொல்வார்கள்.

இனிக் குட்டி. 5 கிழமையில் தாயைப் பிரித்தது முந்திவிட்டது. 8 கிழமை வரையாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் விட்டிருக்க வேண்டும். ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு அழுத்தினால் நோகும் என்பதைக் குட்டி கற்பது அப்படித்தான். உங்கள் குட்டிக்கு அந்தப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பல் பட்ட அந்த நொடியே கையை அசைக்காமல் வைத்து, பேச்சை நிறுத்தி, எழும்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து கயிற்றுத் துண்டோ ரப்பர் பந்தோ கொடுங்கள். அதைக் கடித்தால் தட்டிக்கொடுங்கள். "ஆ" என்று கத்தினால் சில குட்டிகள் நிறுத்தும், சிலதுக்கு அது இன்னும் வெறியேற்றும். உங்களுடையது இரண்டாவது வகையானால் கத்தாதீர்கள். மூக்கில் தட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு அது விளையாட்டு, இல்லையென்றால் பயம். பயமானால் நாளைக்கு எந்தக் கை கிட்ட வந்தாலும் கடிக்கும்.

பிள்ளைகள் ஓடினால் குட்டி துரத்தும். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கப் பழக்குங்கள். ஆச்சி ஒருவிதம், அண்ணன் ஒருவிதம் என்று நடந்தால் ஆறு மாதம் ஆனாலும் பலன் வராது. இன்னொன்று, நித்திரை. இந்த வயதில் குட்டி நாளில் 18 மணித்தியாலம் வரை தூங்க வேண்டும். பின்னேரத்தில் பைத்தியம் பிடித்ததுபோல் கடிக்கிற குட்டிக்குப் பெரும்பாலும் நித்திரைக் குறைவுதான். பெட்டியில் விட்டால் அடங்கிவிடும். 4 மாதமளவில் பால்பல் விழத் தொடங்கும், 7 மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். அதுவரை பல்முரசு அரிக்கும். ஈரத்துணியை முறுக்கிக் குளிர்சாதனப்பெட்டியில் உறையவைத்து, நீங்கள் பார்த்திருக்கும்போது கொடுங்கள். அவித்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், அது சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பெரிய நாயின் கதை வேறு. அது விளையாடவில்லை, கோப்பையைக் காத்தது. முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதில் புண், பல் வலி, இடுப்பு நோவு, உண்ணிக் காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால், என்ன பழக்கினாலும் கடி நிற்காது. விசர் ஊசி தவறியிருந்தால் அதையும் அங்கேயே பேசுங்கள்.

அடுத்தது சங்கிலி. கட்டியே கிடக்கும் நாயால் பயந்தால் விலகிப் போக முடியாது, அதனால்தான் கடிக்கிறது. வேலியைச் சரிப்படுத்திப் பின்வளவில் அவிழ்த்துவிடுவதே என் விருப்பம். சாப்பாட்டை ஆள்நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். கீரை எடுக்க ஆள் வரும் நேரத்தில் கோப்பையே வெளியே இருக்கக்கூடாது.

கோப்பையைப் பறித்து "நான்தான் பெரியவன்" என்று காட்டச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், பறிக்கப் பறிக்கக் காவல் கூடும். நாய் விறைக்காத தூரத்தில் நின்று, அதன் சோற்றைவிட ருசியான ஒன்றை, அவித்த ஈரல் துண்டு மாதிரி, கோப்பைப் பக்கம் எறிந்துவிட்டுப் போங்கள். நாள்தோறும் செய்யுங்கள். உங்களைக் கண்டதும் வாலாட்டி நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினால் அரை அடி கிட்டப் போங்கள். விறைத்தால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். பெரியவர் ஒருவர்தான் இதைச் செய்ய வேண்டும், பிள்ளைகள் அல்ல.

உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால், அடுத்த தடவை சத்தமில்லாமல் நேரே கடிக்கும். உடம்பு விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உதட்டை நக்குவது எல்லாம் உறுமலுக்கு முந்திய அறிகுறிகள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வாய்க்கூடு வேண்டுமானால் கூடை மாதிரியானதை வாங்குங்கள். வாயை இறுக்கும் துணிப்பட்டி போட்டால் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்க முடியாது. கொழும்பு வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

மாமாவுக்கு: காவலுக்குக் குரைப்பு போதும். கள்ளன் வருவது இரவில், நீங்கள் எழும்பினால் அவன் ஓடுவான். பகலில் கீரைக்கு வந்தவனைக் கடிக்கும் நாயால் உங்களுக்கு நட்டம்தான். குட்டியையும் அப்படியே வளர்க்க நினைக்காதீர்கள். இந்த வயதிலேயே கேற்றுக்கு வரும் கீரைப் பெடியன், தபால்காரர், பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரும் ஒரு துண்டு ஈரல் போட்டுவிட்டுப் போகட்டும். கோழிப் பக்கம் கயிற்றில் பிடித்துக்கொண்டே கூட்டிப்போங்கள், கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கொடுங்கள். பெரியதையும் குட்டியையும் வேறு வேறு இடத்தில் வைத்தே சாப்பாடு போடுங்கள்.