படத்துக்கு நாலு வரி

வணக்கம். பெரிய தளங்களில் சண்டையும் விளம்பரமும் அலுத்துப்போய் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்கு வந்தேன். சில மாதங்கள் ஆகியும் நான் எழுதுவதை யாரும் கண்டுகொள்வதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியும் டிஹெச்டி22 என்ற வெப்பநிலை சென்சாரும் வைத்து வீட்டு வெப்பநிலை அளக்கும் கருவி ஒன்று செய்தேன். சில நேரம் ரீடிங் வருகிறது, சில நேரம் வருவதில்லை. படம் போட்டு 'எங்கே தப்பு?' என்று கேட்டேன். (அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன்.) வந்த ஒரே பதில், 'படத்துக்கு விளக்கம் சேருங்கள்'. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி என்ன அதிகாரம் இது? சுதந்திரம் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? பேசாமல் சொந்தமாக ஒரு சர்வர் போட்டுக்கொள்ளலாமா? உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

சர்வர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போடலாம். மாஸ்டடான் மென்பொருள் உங்கள் ராஸ்பெர்ரி பைக்குக் கொஞ்சம் கனம். ஒரு ஆளுக்கு என்றால், மாஸ்டடானோடு பேசக்கூடிய கோ-டு-சோஷியல் (GoToSocial) என்ற இலகுவான சர்வர் மென்பொருள் போதும். டேட்டாபேஸை எஸ்டி கார்டில் வைக்காதீர்கள், ஓயாமல் எழுதி எழுதியே கார்டு போய்விடும். ஆனால் உங்கள் குறை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது. தனி ஆள் சர்வரில் நீங்கள் பின்தொடர்கிறவர்கள் எழுதுவதைத் தாண்டி அதிகம் எதுவும் வந்து சேராது. இப்போது இருப்பதைவிட வெறிச்சென்றுதான் இருக்கும். ஆள் வேண்டுமென்றால் ஹேஷ்டேகுகளைப் பின்தொடருங்கள். 2022 இறுதியில் வந்த மாஸ்டடான் 4.0 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைச் சும்மா இருக்க விடாதது அந்த வாத்தியார் வரிதான். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரேடியோ பழுது பார்த்தே வாழ்ந்தவர். நடுவயதில் பார்வை போய்விட்டது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள் வழியாகத்தான் மாஸ்டடான் படிக்கிறார். 2006இல் அந்த மென்பொருளைத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாலை நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் சர்க்யூட் போர்டு படம் போட்டு, 'ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம், என்ன காரணம்?' என்று கேட்டிருந்தார். அந்தக் குரல் 'கிராஃபிக்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட்டது. நண்பர் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "என்ன தெரியுது?" என்றார். பார்த்துச் சொன்னேன்: ஒரு கம்பி போர்டில் சேரும் இடத்தில் ஈயம் பளபளப்பு இல்லாமல், சாம்பல் நிறமாக, உருண்டையாக நிற்கிறது. "டிரை சால்டர். ஈயம் சரியாகப் பிடிக்கல. திரும்பச் சூடு பண்ணச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். பதில் தெரிந்த ஆள் அங்கேயே இருந்தார். கேட்டவர் நாலு வரி எழுதாததால் கேள்வி அவரிடம் போய்ச் சேரவில்லை.

அதிகாரம் என்கிறீர்கள். உங்கள் பதிவை யாராவது நீக்கினார்களா? கணக்கை முடக்கினார்களா? முகம் தெரியாத ஒருவர் நின்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறார். அதற்கே இவ்வளவு கோபமா? ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல், பலர் நடத்தும் தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடம் இது. நடத்துகிறவர்களில் நிறையப் பேர் தங்கள் ஓய்வு நேரத்தில்தான் நடத்துகிறார்கள். மேலே இருந்து யாரோ வந்து செய்து தருவார்கள் என்ற பேச்சே இங்கே கிடையாது. நமக்குள் நாம் செய்துகொண்டால் உண்டு. நீங்கள் தேடி வந்த சுதந்திரம் இப்படித்தான் இருக்கும், க.

மாஸ்டடான்காரர்கள் புதிதாகக் கிளப்பிய வழக்கமும் இல்லை இது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 2.0 தரம் 1995இல் வந்தபோதே படத்துக்குப் பதிலாகப் படிக்க மாற்றுரை எழுத இடம் இருந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக 1999இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் முதல் விதியே, எழுத்தாக இல்லாத எதற்கும் எழுத்தில் ஒரு மாற்று கொடு என்பதுதான். மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து, படவிளக்கத்துக்கோ 1500. இடம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது.

இயந்திரமே விளக்கம் எழுதித் தருமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தரும். 'மேசைமேல் ஒரு பச்சை நிறப் பலகை, சில கம்பிகள்' என்று தரும். எதைக் காட்டுவதற்காகப் படம் எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். 'சென்சாரின் முதல் கால் 3.3 வோல்ட்டில், இரண்டாவது கால் ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ 4 பின்னில், மூன்றாவது சும்மா, நான்காவது கிரவுண்டில்' என்று எழுத ஆரம்பியுங்கள். எழுதும்போதே முதல் காலுக்கும் இரண்டாவது காலுக்கும் நடுவே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று கண் போகும். நான் பெரிதாக்கிப் பார்த்தேன், அங்கே எதுவும் தெரியவில்லை. சின்னப் போர்டில் பொருத்திய மாட்யூலாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நாலு கால் வைத்த வெறும் சென்சார் என்றால் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள். ரீடிங் விட்டுவிட்டு வருவதற்கு அது காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

திட்டுகிறேன் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கையால் ஒன்றைச் செய்து, அது வேலை செய்யாதபோதும் மறைக்காமல் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கிற மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டவர் இதற்குச் சலித்துக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பதிவை நீக்க வேண்டாம், திருத்தி விளக்கம் சேர்த்தால் போதும். விளக்கம் இல்லாமல் படம் போடும்போது நினைவூட்டும்படி அமைப்புகளில் ஒரு வசதி இருக்கிறது, அதையும் போட்டுவையுங்கள்.

அப்புறம், ஹேஷ்டேக். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் திரைவாசிப்பான் பிரித்துப் படிக்கும். தமிழில் அதற்கு வழியில்லை. மூன்று சொல்லை ஒட்டி எழுதினால் ஒரே சொல்லாக்கிக் குழப்பியடித்துவிடும். நடுவில் அடிக்கோடு போடுங்கள்: #வீட்டு_வெப்பநிலை_மானி.

அன்புடன்.