நெட் கம்பெனிக்காரன் சில ஆப்பை ஃப்ரீயா குடுக்கிறதை கவர்மெண்ட் எதுக்கு தடுக்கணும்? அமெரிக்காவுல நெட் நியூட்ராலிட்டியை (எல்லா சைட்டையும் ஆப்பையும் நெட் கம்பெனி ஒரே மாதிரி நடத்தணுங்கிற விதி) கோர்ட்டே தள்ளிடுச்சே?

இதைக் கேக்குறவங்க சிட்டியில இருப்பீங்கன்னு நினைக்கிறேன், ஒரு கனெக்‌ஷன் சரியில்லன்னா அடுத்த வாரமே வேற மாத்திக்குவீங்க. நான் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா, கேரளாதான், ஆனா வீட்டுலயும் கடையிலயும் தமிழ்தான். எங்க தெருவுக்கு ஒயர் இழுத்தது ஒரே ஆளு. மொபைல் டேட்டான்னா வாசல்ல நின்னா ஒரு ஸ்டேட் டவர், கொல்லைப்பக்கம் போனா இன்னொரு ஸ்டேட் டவர், ரெண்டுலயும் வீட்டுக்குள்ள ஒழுங்கா கிடைக்காது. "பிடிக்கலைன்னா மாத்திக்கோ"ன்னு சொல்றது எங்களுக்குப் பொருந்தாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

2020ல ஸ்கூல் எல்லாம் மூடினாங்கல்ல, எங்க அண்ணி தமிழ் மீடியத்துல கணக்கு டீச்சர். கரும்பலகை முன்னால ஃபோனை நிறுத்தி வச்சு பாடம் எடுத்து, ஒரு சின்ன சைட்ல ஏத்துனாங்க. யூடியூப்ல போடலாமேன்னு இப்ப கீழ வந்து கேப்பீங்க, தெரியும். அதுல போட்டா பின்னம் பாடம் முடிஞ்ச கையோட பசங்க அடுத்த வீடியோவுக்குப் போயிடுறாங்க, அதனாலதான் தனி சைட். அந்த சமயம் எங்க கேபிள்காரர் ஒரு குறைஞ்ச ரேட் பிளான் விட்டிருந்தாரு, தெருவுல முக்காவாசி வீடு அதுக்கு மாறிடுச்சு. சினிமா ஆப் சும்மா பறக்குது, யூடியூப் பறக்குது, அண்ணியோட பாடம் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. பசங்க அம்மாமாருங்க எல்லாம் "டீச்சர், உங்க வீடியோ ஓடவே மாட்டேங்குது"ன்னு அவங்களைத்தான் குறை சொன்னாங்க. அண்ணி அழுதுட்டாங்க.

டெக்னிக்கல் ஆளுங்க சண்டைக்கு வருமுன்ன சொல்லிடறேன், யூடியூப் மாதிரி பெரிய சைட்டுக்கு பக்கத்துலயே கேஷ் சர்வர் (வீடியோவோட நகலை வச்சிருக்கிற கம்ப்யூட்டர்) இருக்கும், அதனால வேகமா வரும், அது தப்பில்ல, நம்ம நாட்டு நெட் நியூட்ராலிட்டி விதியிலயே அதுக்கு விலக்கு இருக்கு. எனக்கு எப்படி உறுதியாச்சுன்னா, அதே ஃபோன், அதே வைஃபை, விபிஎன் (எந்த சைட்டைப் பாக்குறோம்னு நெட் கம்பெனிக்குத் தெரியாம மறைக்கிற ஆப்) போட்டேன், அண்ணி பாடம் உடனே ஓடுச்சு. விபிஎன்ன ஆஃப் பண்ணினா திரும்ப சுத்துது. சைட் பக்கம் கோளாறுன்னா விபிஎன் போட்டாலும் சுத்தணுமே? ரெண்டையும் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து வச்சுக்கிட்டேன்.

கடைக்குப் போய் "சேட்டா, இது என்ன கணக்கு"ன்னு கேட்டா, மேல கம்பெனியில செட் பண்ணினது, உங்க டீச்சரை யூடியூப்ல போடச் சொல்லுங்கன்னாரு. எங்க வீட்டுப் பசங்க எதைப் பாக்கணும்னு ஒயர் இழுத்தவர் முடிவு பண்றாருங்க! வாய்க்கால்ல தண்ணி திறந்து விடுறவர், நீ நெல்லு வச்சாதான் திறப்பேன், கடலை போட்டா கிடையாதுன்னு சொன்னா சித்தூர்ல எந்த விவசாயி சும்மா இருப்பான்?

அப்பத்தான் விதி கைகொடுத்துச்சு. 2015ல டெலிகாம் கம்பெனிகளுக்கு விதி போடுற டிராய் இதைப் பத்தி கருத்து கேட்டப்போ பத்து லட்சத்துக்கும் மேல மெயில் போச்சு, அதுல என்னோடதும் ஒண்ணு, அதைப் பெருமையாவே சொல்லிக்குவேன். 2016 பிப்ரவரி 8ம் தேதி ஆர்டர் வந்துச்சு, ஒரு ஆப்புக்கு ஒரு ரேட், இன்னொண்ணுக்கு வேற ரேட் போடக்கூடாது, மீறினா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் அபராதம்னு. சில சைட்டை மட்டும் காசில்லாம காட்டுற ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதோட நின்னுச்சு. ஆனா அது ரேட்டுக்கு மட்டும்தான். வேண்டாததைத் தடுக்கிறது, வேகத்தைக் குறைக்கிறது இதெல்லாம் கூடாதுன்னு 2018 ஜூலையில டெலிகாம் துறை ஏத்துக்கிச்சு, அது லைசென்ஸ் நிபந்தனையாவே வருது. அதைத்தான் எழுதி, ரெக்கார்டிங்கோட கம்ப்ளெயிண்ட் போட்டேன், நம்பர் வாங்கினேன். பதில் இல்ல. ஒவ்வொரு கம்பெனியிலயும் மேல்முறையீட்டுக்குன்னு ஒரு அப்பல்லேட் அதாரிட்டி இருக்கணும், பல பேருக்குத் தெரியாது, அங்க போட்டேன். அதுக்கப்புறம் ஒரு இன்ஜினியர் ஃபோன் பண்ணி சைட் அட்ரஸ் கேட்டாரு, அன்னைக்கு சாயங்காலமே பாடம் ஓடுச்சு. தப்புன்னு ஒத்துக்கவும் இல்ல, மன்னிப்பும் கேக்கல.

அமெரிக்கா விஷயம், அங்க கோர்ட் விதி கெட்டதுன்னு சொல்லலைங்க. பிராட்பேண்டை டெலிகாம் சேவைன்னு வகைப்படுத்த அங்க டெலிகாமைப் பாத்துக்கிற எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லன்னுதான் 2025 ஜனவரி 2ல தீர்ப்பு. அந்த விதியை 2015ல கொண்டு வந்தாங்க, 2017ல எடுத்தாங்க, 2024ல திரும்பக் கொண்டு வந்தாங்க, ஆட்சி மாறினா விதி மாறுது. அதனாலதான் கலிஃபோர்னியா 2018லயே தனக்குன்னு தனிச் சட்டம் போட்டுக்கிச்சு. விதியே இல்லாம கம்பெனிங்க ஒழுங்கா இருப்பாங்கன்னா 2007ல அங்க காம்காஸ்ட்ங்கிற நெட் கம்பெனி, ஃபைல் பகிர்ற பிட்டோரண்ட்டை ஏன் இறுக்கணும்?

கவர்மெண்ட்டுக்கு ஜால்ரா போடறேன்னு யாரும் எழுதாதீங்க. 2019 ஆகஸ்ட்ல காஷ்மீர்ல நெட்டையே நிறுத்தினதும் கவர்மெண்ட்தான், 4ஜி திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில. நான் கேக்குறது கம்பெனியைக் கட்டுப்படுத்துற விதி, எங்களைக் கட்டுப்படுத்துற விதி இல்ல. இங்க 2019லயே கேரளா ஹைகோர்ட் ஃபஹீமா ஷிரின்ங்கிற மாணவி போட்ட வழக்குல, நெட் கிடைக்கிறது படிப்பு உரிமையில சேர்ந்ததுன்னு சொல்லியிருக்கு, கேரளா கவர்மெண்ட்டோட நெட் திட்டம் கே-ஃபோன் வேற 2023 ஜூன்ல தொடங்கி வச்சாங்க. அதெல்லாம் நல்லதுதான். ஆனா கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணினா மலையாளம் இல்ல ஹிந்தி, ஆபீஸ்ல ஃபாரம் மலையாளத்துல மட்டும், தமிழ் மீடியத்துல படிச்ச எங்க அம்மா மாதிரி ஆளுங்க ஒரு கையெழுத்துக்கு இன்னொருத்தர் துணையோட போக வேண்டியிருக்கு. எத்தனை தலைமுறையா இங்க இருக்கோம்? கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா கம்ப்ளெயிண்ட் குடுக்கவே மொழி இல்லாதவங்களுக்கு எந்த விதி இருந்து என்ன.

உங்களுக்கும் இதே மாதிரி ஒரு சைட் மட்டும் சுத்துச்சுன்னா விபிஎன் போட்டும் போடாமயும் ரெக்கார்டிங் எடுங்க, கம்ப்ளெயிண்ட் நம்பர் வாங்காம ஃபோனை வைக்காதீங்க. டிராய்க்கு நேரா எழுதினா தனிநபர் புகாரை அவங்க விசாரிக்கிறதில்ல, கம்பெனிக்கே அனுப்பி விட்டுடுவாங்க.