ஒரு நாடு முழுக்கச் சம்பளம் இல்லாத தீயணைப்பு வீரர்களா?

கேள்வி: "ஒரு நாட்டில் தீயணைப்பு வீரர்கள் யாருக்குமே சம்பளம் கிடையாது என்று படித்தேன். உண்மையா? அது எப்படித் தொடங்கியது, இத்தனை காலம் எப்படி நீடிக்கிறது?"

உண்மைதான். அந்த நாடு சிலி. அங்கே வால்பராய்சோ என்ற துறைமுக நகரத்தில், கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 2012 முதல் 2018 வரை வேலை பார்த்தேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியை நான் அங்கே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்தும் சத்தம், படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம். ஜன்னலைத் திறந்து பார்த்தால், ஒருவர் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை ரொட்டிக் கடையில் அதே ஆள். கிட்டே நின்றால் புகை வாடை. நைட் டியூட்டியா என்று கேட்டேன். "இல்லை, நான் பொம்பேரோ" என்றார். ஸ்பானிஷில் பொம்பா என்றால் பம்பு. பம்பு அடிப்பவர் பொம்பேரோ, அதாவது தீயணைப்பு வீரர். பகலில் அவர் எலெக்ட்ரீஷியன். தீயணைக்கப் போனால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டேன். "கொடுப்பதா? நான்தான் மாதா மாதம் கட்டுகிறேன்" என்றார்.

அன்றிலிருந்து ஊரை விட்டுக் கிளம்பும் வரை அவரை 'வெசினோ' என்றுதான் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்று பொருள். அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சிலி முழுக்க இன்று ஏறக்குறைய 50,000 பேர் இப்படி இருக்கிறார்கள். வண்டி ஓட்டவும் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளவும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார்கள். நெருப்புக்குள் இறங்குகிறவருக்குச் சம்பளம் கிடையாது. 132-க்கு போன் செய்தால் வருகிறவர் அந்த ஊர்ப் பல் மருத்துவராக இருக்கலாம், கல்லூரிப் பையனாக இருக்கலாம், பஸ் டிரைவராக இருக்கலாம். மூன்று பேரும் ஒரே குழாயைப் பிடித்திருக்கவும் கூடும்.

தொடக்கம் வால்பராய்சோவில்தான். பனாமா கால்வாய் 1914-ல் திறக்கும் வரை, ஐரோப்பாவிலிருந்து பசிபிக் பக்கம் வரும் கப்பல்கள் தென் அமெரிக்காவின் கீழ் முனையைச் சுற்றி வந்து தங்கும் பெரிய துறைமுகம் அது. கரையோரம் கொஞ்சம் சமதளம், அதில் கிடங்குகளும் கடைகளும். அதற்கு மேல் நாற்பதுக்கும் அதிகமான குன்றுகள், அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள். மரச் சட்டம், மண் பூச்சு, தகரம். கடல் காற்று ஒரு நாளும் ஓயாது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது. 1850 டிசம்பர் 15-ல் அப்படித்தான் நடந்தது. வணிகத் தெரு ஒன்று பெருமளவு எரிந்துபோனது.

அடுத்த ஆண்டு, 1851 ஜூன் 30-ல், ஊர் வணிகர்கள் கூடித் தீயணைப்புக் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். கம்பெனி என்றால் இங்கே வியாபார நிறுவனம் இல்லை, ஒரு பம்பையும் அதைச் சுற்றி நிற்கும் ஆட்களையும் குறிக்கும் சொல். இன்றும் ஜூன் 30 சிலியில் தீயணைப்பு வீரர்கள் நாள்.

பணக்கார வணிகர்கள் தங்கள் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தொடங்கினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளில் பம்பைக் கையால்தான் அடிக்க வேண்டும். தண்ணீர் விடாமல் வர வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அதற்கு நாலு முதலாளிகள் போதாது. குமாஸ்தாவும் தச்சரும் கடைப் பையனும் வந்து நின்றதால்தான் அது நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கம்பெனிகள் பிரிந்த விதம். முதல் கம்பெனிக்கு 'பொம்பா அமெரிக்கானா' என்று பெயர். இரண்டாவது ஜெர்மானியர்களுடையது. 1856-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஐந்தாவது கம்பெனியைத் தொடங்கினார்கள். 1858-ல் இத்தாலியர்கள் ஆறாவதைத் தொடங்கி அதற்குக் கொலம்பஸ் பெயரை வைத்தார்கள். 1901-ல் பிரிட்டிஷ்காரர்களின் பதினொன்றாவது வந்தது. பிழைக்க வந்த ஊரில் ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று ஒரு பம்பு வாங்கி வைத்து, எரிகிற வீடு யாருடையது என்று பார்க்காமல் ஓடியிருக்கிறது. வெளிநாட்டில் சங்கம் வைக்காத சமூகம் இல்லை. வந்து சேர்ந்த ஊருக்காகத் தீயில் இறங்கும் சங்கம் வைத்தவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

1866 மார்ச் 31-ல் ஸ்பானியக் கடற்படை வால்பராய்சோ மீது குண்டு போட்டது. திருப்பிச் சுட ஊரில் ஒழுங்கான பீரங்கி கிடையாது. சுங்கக் கிடங்குகள் பற்றி எரிந்தன. அணைக்க ஓடியவர்கள் இந்தக் கம்பெனிக்காரர்கள்தான்.

தலைநகர் சாந்தியாகோவின் கதை வேறு, கேட்கவே மனம் கனக்கும். 1863 டிசம்பர் 8. மாதா திருவிழா. 'லா கொம்பாஞ்ஞியா' என்ற இயேசு சபைக் கோவிலில் மாலை வழிபாடு. கூட்டத்தில் பெரும்பாலும் பெண்கள். ஆயிரக்கணக்கான விளக்குகள், துணி அலங்காரம், மரக்கூரை. பீடத்தின் பக்கம் ஒரு விளக்கிலிருந்து தீ பற்றி மேலே ஏறிவிட்டது. பெண்கள் அந்தக் கால வழக்கப்படி வளையம் வைத்து விரித்த பெரிய பாவாடைகள் அணிந்திருந்தார்கள். வாசலில் ஒருவர் தடுக்கி விழுந்தால் பின்னால் வந்தவர் அவர்மேல். கதவு அடைபட்டுப்போனது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் அன்று தீயணைப்புப் படை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஹோசே லூயிஸ் கிளாரோ என்பவர் நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். தீயணைப்புக் கம்பெனி அமைக்க விருப்பமுள்ள இளைஞர்கள் 14-ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு வரவும் என்று. வந்தார்கள். டிசம்பர் 20-ல் சாந்தியாகோ தீயணைப்புப் படை தொடங்கிவிட்டது. துக்கம் நடந்து பன்னிரண்டே நாள். சரியாக ஏழு ஆண்டு கழித்து, 1870-ல் அதே டிசம்பர் 8-ஆம் தேதி, நகர நாடக அரங்கம் எரிந்தபோது ஆறாவது கம்பெனியைச் சேர்ந்த ஹெர்மன் தெந்தெரினி உள்ளே போனவர் திரும்பவில்லை. அந்தப் படையின் முதல் பலி அவர். அந்த அரங்கத்தை ஒட்டிய தெருவுக்கு இன்று அவர் பெயர்.

சரி, எப்படி நீடிக்கிறது? என் பதில், கம்பெனி என்ற அந்தச் சின்னக் கூட்டம்தான் காரணம் என்பது. வெசினோ என்னை ஒரு ஞாயிறு தன் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கீழே வண்டி. மேலே நீண்ட ஒரு மேஜை, சுவர் முழுக்கப் பழைய ஆட்களின் புகைப்படங்கள். இன்னொரு பக்கம் பையன்கள் படுக்கும் அறை. வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் பலர் இரவுக் காவலாக அங்கேயே தங்குவார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் பூட்ஸ் நின்றிருந்தது. கால்சட்டையைச் சுருட்டி பூட்ஸ் மேலேயே இறக்கி வைத்திருந்தார்கள். எழுந்து காலை விட்டு மேலே இழுத்தால் போதும், இரண்டும் மாட்டியாயிற்று. ஒரு பத்தொன்பது வயதுப் பையன் எனக்குச் செய்து காட்டினான். நான் ஒரு பக்கம் வாட்சைப் பார்ப்பதற்குள் அவன் நின்றுகொண்டிருந்தான்.

கேப்டனை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை அழைப்புக்கு வந்தாய், எத்தனை பயிற்சிக்கு வந்தாய் என்று கணக்கு உண்டு. வராமலே இருந்தால் கேள்வி கேட்பார்கள், வெளியேற்றவும் செய்வார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சேவைப் பதக்கம். பெண்களுக்குப் பழைய கம்பெனிகள் கதவைத் திறந்தது மட்டும் மிகவும் தாமதம். அது பெரிய தவறு என்று வெசினோவே சொல்வார். அவருடைய மகள் இன்னொரு கம்பெனியில் இருந்தாள்.

பணத்துக்கு அரசின் பங்கு உண்டு, சந்தா உண்டு, போதாததற்குத் தெருவில் உண்டியல். ஆண்டுக்கு ஒருமுறை விழாச் சீருடையில் சிக்னலில் நின்று கார் கார்களாகப் போய்க் குலுக்குவார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வெசினோவை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, "அப்பா, தாத்தா ஏன் காசு கேட்கிறார்?" என்றாள். நான் என்ன சொல்வது என்று தயங்கியபோது அவரே குனிந்து அவளிடம், "குழாய் வாங்க வேண்டும் கண்ணு, பழையதில் ஓட்டை விழுந்துவிட்டது" என்றார். அவள் என் பையில் கைவிட்டு இருந்த சில்லறையை எல்லாம் எடுத்துப் போட்டாள்.

2014 ஏப்ரல் 12, சனிக்கிழமை. மாலையில் மேல் குன்றுகளுக்குப் பின்னால் புகை. இருட்டுவதற்குள் வானம் செங்கல் நிறமாகிவிட்டது. குன்றுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் காய்ந்த செடியும் குப்பையும் கிடந்தன. காற்று அதன் வழியாகத் தீயை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. மேலே போகப் போகத் தெரு குறுகிப் படிக்கட்டாகிவிடும், வண்டி ஏறாது. குழாயைத் தோளில் சுமந்துகொண்டுதான் போக வேண்டும். மேலே தண்ணீர் அழுத்தமும் இல்லை. 15 பேர் இறந்தார்கள், சுமார் 2,900 வீடுகள் போயின. வெசினோ திங்கட்கிழமை மதியம்தான் வீடு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மூக்கைச் சுற்றிக் கரி. அவர் மனைவி எழுப்பவில்லை, பூட்ஸை மட்டும் மெதுவாகக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்து காலுறையோடு ஒட்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்தபிறகும், சம்பளம் இல்லாமல் இருப்பது சரியா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். 2012-ல் வந்த ஒரு சட்டம் இவர்கள் செய்வதைப் பொதுச் சேவை என்று அங்கீகரித்தது. அது போதாது என்பது என் கருத்து. வண்டி, குழாய், மூச்சுக் கருவி, அடிபட்டால் வைத்தியம், இறந்தால் குடும்பத்துக்கு வேண்டியது, இத்தனையும் கேட்காமலே அரசு கொடுக்க வேண்டும். எவரும் சிக்னலில் உண்டியல் குலுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் கொடுங்கள் என்று வெசினோவிடம் சொல்லிப் பாருங்கள், கோபம் வந்துவிடும். "அப்புறம் அது என் கம்பெனி இல்லை, என் வேலை" என்பார். பல வருடம் யோசித்தும் எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

மனிதர்கள் சேர்ந்த அமைப்பு, கறை படாமலும் இருக்காது. 2024 பிப்ரவரியில் வால்பராய்சோ பகுதியில் காட்டுத்தீ 130-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தீயை வைத்ததாகச் சில மாதங்கள் கழித்துக் கைதானவர்களில் ஒருவர் தன்னார்வத் தீயணைப்பு வீரர். செய்தி வந்த அன்று இங்கிருந்து போன் செய்தேன். வெசினோ வெகுநேரம் பேசவில்லை. "அப்பா இல்லாமல் போனது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய அப்பாவை எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தபோது எண்பதைத் தொட்டிருந்தார், கீழ் வீட்டில் இருந்தார். வால்பராய்சோவில் புத்தாண்டு என்றால் வளைகுடா முழுக்க வாணவேடிக்கை. குன்றுகளில் எல்லா மாடியிலும் கூட்டம், பாட்டு. 1953 புத்தாண்டும் அப்படித்தான் பிறந்தது. பிறந்த சில மணி நேரத்தில், பிராசில் அவென்யூவில் ஒரு மரக்கடையில் தீ. கம்பெனிகள் விழாக் கொண்டாட்டத்திலிருந்து அப்படியே ஓடின. பக்கத்தில் சாலைத் துறைக் கிடங்கில் வெடிமருந்து இருந்தது அவர்களுக்குத் தெரியாது. அது வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 36 பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்களும் இறந்தார்கள். பெரியவருக்கு அன்று பத்தொன்பது வயது. இன்னொரு குழாய் எடுத்துவரச் சொல்லி அவரை வண்டிக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஒவ்வொரு புத்தாண்டு இரவும் வாணவேடிக்கை முடிந்ததும் அவர் விழாச் சீருடையை எடுத்து மாட்டிக்கொள்வார். நினைவுக் கூட்டத்துக்குப் போக வெசினோ வந்து கூட்டிப்போவார். ஒரு வருடம் வெசினோ இன்னும் வந்துசேரவில்லை. வாழ்த்துச் சொல்லப் போன நான் கதவருகில் நின்றிருந்தேன். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பித்தளைப் பொத்தான்கள், பளபளவென்று தேய்த்து வைத்தவை. கழுத்துப் பொத்தான் மட்டும் கை நடுங்கியதில் மாட்டவில்லை. என்னைப் பார்த்துத் தாடையை லேசாகத் தூக்கினார். நான் போய்ப் போட்டுவிட்டேன்.