பரிசோதகர் சொன்னதெல்லாம் விதியா?

விமானி அனுமதிப்பத்திரம் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனத்தாங்கலைத்தான் சொல்கின்றன: பயிற்றுவிப்பாளர் ஒன்று சொல்கிறார், சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் பாதுகாப்புப் பரிசோதகர் வேறொன்று சொல்கிறார். பெயர்களை நீக்கிவிட்டுச் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். விமானப் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கும் இரத்மலானை சின்ன இடம். எழுதியவர் யாரென்று துருவ வேண்டாம்.

கேள்வி: ஸ்டோல் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) வந்தால் முதலில் முழு என்ஜின் விசை, உயரத்தை இழக்கவே கூடாது என்று கற்றவன் நான். அப்படியே கற்பிக்கிறேன். புதுப்பித்தல் சோதனையில் என்னைவிட மிக இளையவரான பரிசோதகர் அது பிழை என்று எழுதிவிட்டார். முறையிடலாமா? – பயிற்றுவிப்பாளர், வெள்ளவத்தை

பதில்: முறையிடலாம், தோற்றுப்போவீர்கள். நீங்கள் கற்றது அந்தக் காலத்துப் பாடம். உயரம் எவ்வளவு குறைவாக இழக்கப்படுகிறது என்பதை வைத்தே அப்போது மதிப்பெண் போட்டார்கள். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கொல்கன் எயார் 3407 விழுந்தது. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது தலைமை விமானி அதை முன்னால் தள்ளாமல் தன் பக்கம் இழுத்தார். தரையில் இருந்த ஒருவர் உட்பட ஐம்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் எயார் ஃபிரான்ஸ் 447 அத்திலாந்திக்கில் விழுந்ததற்கும் மூக்கை உயர்த்தியே வைத்திருந்தது ஒரு காரணம். அதற்குப் பிறகு பாடம் மாறியது: முதலில் தண்டை முன்னால் விட்டு எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணமான தாக்குகோணத்தைக் குறை, இறக்கைகளை மட்டமாக்கு, பிறகு தேவையான விசை. உயரம் போனால் போகட்டும்.

சிறிய செஸ்னா பயிற்சி விமானத்திலும் இதே கதைதான். மூக்கு உயர்ந்து வேகம் செத்திருக்கும்போது முழு விசை கொடுத்துப் பாருங்கள்: மூக்கு இன்னும் மேலே போகும், விமானம் இடப்பக்கம் திரும்பும். மாணவன் வலது கால் மிதியை அழுத்த மறந்தால் இடது இறக்கை விழும், அங்கிருந்து சுழற்சி. விசை கொடுத்ததால் மட்டும் ஸ்டோல் தீராது. கோணம் குறைந்தால்தான் தீரும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். உங்கள் பாடசாலையின் பயிற்சிக் கைநூலில் இந்தப் பாடம் எப்படி அச்சாகியிருக்கிறது? பழைய முறையே அங்கே இருந்தால், அந்தக் கைநூலுக்கு ஒப்புதல் கொடுத்தது பரிசோதகரின் அலுவலகம்தான். குறையை உங்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது. கைநூலைத் திருத்தும்படி பாடசாலை மூலம் எழுத்தில் கேளுங்கள், மறுசோதனைக்குத் திகதியும் கேளுங்கள். இளையவர் என்ற பேச்சைக் கடிதத்தில் எழுதாதீர்கள். இறக்கைக்கு மூத்தவர் இளையவர் தெரியாது.

கேள்வி: என் லொக் புத்தகத்தில் (பறப்பு நேரப் பதிவேட்டில்) பயிற்றுவிப்பாளர் கையெழுத்திட்ட மணித்தியாலங்களில் ஒரு பகுதியைப் பரிசோதகர் ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் நான். – மாணவி, தெஹிவளை

பதில்: என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹொப்ஸ் மானியைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். வாடகை அதில்தான் கணக்கிடப்படுகிறது, பறப்பு நேரம் அப்படியல்ல. சர்வதேச வரையறைப்படி, புறப்படும் நோக்கில் விமானம் முதன்முதலில் அசையும் கணத்திலிருந்து, பறப்பு முடிந்து கடைசியாக நிற்கும் கணம் வரையே பறப்பு நேரம். காலை 9.02க்கு என்ஜினை இயக்கி, 9.11க்கு நகர்ந்து, 10.20க்கு வந்து நின்று, 10.22க்கு என்ஜினை நிறுத்தினால் மானி ஒரு மணி இருபது நிமிடம் காட்டும். புத்தகத்துக்கு ஒரு மணி ஒன்பதுதான். பதினொரு நிமிடம் அற்பமாகத் தெரியும். அறுபது பறப்பில் அது பதினொரு மணித்தியாலம். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட தொடர்பயிற்சியில் 150 என்பதே சர்வதேச அளவுகோல். அந்த விளிம்பில் நிற்பவருக்கு இது பெரிய துண்டு.

மறுபக்கமும் உண்டு. நகர்ந்த பிறகு ஓடுபாதை ஓரத்தில் பிற விமானங்களுக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் உங்களுடையது. அதையும் வெட்டியிருந்தால் வெட்டியவர் பிழை. பாடசாலையின் பறப்புப் பதிவேட்டில் நகர்ந்த, நின்ற நேரங்கள் தனியாக இருக்க வேண்டும். அதன் பிரதியோடு ஒரே கடிதம் அனுப்புங்கள். இரு பெரியவர்களையும் சமாதானம் செய்துவைப்பது உங்கள் வேலையல்ல.

கேள்வி: மாணவனோடு என்ஜினை இயக்கப் போகும் நேரத்தில் பரிசோதகர் வந்து ஆவணங்களைக் கேட்டார். முன்னறிவிப்பு இல்லை. அனுமதிக்க வேண்டுமா? – கல்கிசை

பதில்: வேண்டும். முன்னறிவித்துவிட்டு வந்தால் அதற்குப் பெயர் பரிசோதனையா? அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை, அதில் அவமரியாதை எதுவும் இல்லை. சுழலி சுழன்றுகொண்டிருந்தால் மட்டும் முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: என் பயிற்றுவிப்பாளர் தரத்தை இடைநிறுத்திக் கடிதம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் விமானிகள் உரிமைச் சட்டம் இருப்பதாக வாசித்தேன். அதைக் காட்டி வாதாடலாமா? – கொட்டாஞ்சேனை

பதில்: காட்டாதீர்கள், சிரிப்பார்கள். அந்தச் சட்டத்தின் கதை சுவையானதுதான். ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் 2010இல் டெக்சாஸில் மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் இறங்கினார். தன்மேல் வந்த விசாரணையில் மனம் நொந்து, விமானிக்கு எதிரான சான்றுகளை அவருக்கே காட்ட வேண்டும் என்று 2012இல் சட்டம் நிறைவேற வைத்தார். செனட்டருக்கு வலித்தால் சட்டம் வருகிறது. நமக்கு வலித்தால் நாம் இங்கே உள்ள சட்டத்தைத்தான் திறக்க வேண்டும்.

இங்கே இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சேவைச் சட்டமும் அதன்கீழ் வரும் விதிகளும்தான் அடிப்படை. கடிதத்தில் எந்த விதி, எந்தப் பறப்பு, என்ன குறை என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘பாதுகாப்பு நலன் கருதி’ என்று மட்டும் இருந்தால், விதியின் இலக்கத்தைக் கேட்டு சிவில் விமானச் சேவைப் பணிப்பாளர் நாயகத்துக்கு அன்றே எழுதுங்கள். சோதனை அறிக்கையின் பிரதியைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தைக் கேளாமல் முடிவெடுத்திருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அந்த முடிவை ரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை மனு என்ற வழி இருக்கிறது. சமமாக நடத்தவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போவதானால் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம்தான். நம்மவர்கள் ‘ஆளைப் பிடித்துப் பேசிப் பார்க்கலாம்’ என்று அந்த மாதத்தைத் தொலைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பேசுவதானால் பேசுங்கள், சட்டத்தரணியை இந்த வாரமே பாருங்கள். அதுவரை பயிற்றுவிக்க வேண்டாம். இடைநிறுத்தக் காலத்தில் பறந்தால் நல்ல வழக்கும் கெட்டுவிடும்.

கேள்வி: மாணவனின் கடுமையான தரையிறக்கத்தை நானாகவே பாடசாலைக்கு அறிவித்தேன். இப்போது பரிசோதகர் என்னைத் துருவுகிறார். இனி யார் அறிவிப்பார்கள்? – வத்தளை

பதில்: கோபம் நியாயமானது. தாமாக அறிவிக்கப்பட்ட தகவலைத் தண்டனைக்கு ஆயுதமாக்கக் கூடாது என்பதே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆவது இணைப்பு சொல்லும் கோட்பாடு. வேண்டுமென்றே செய்த மீறலுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஆனால் சில்லுத் தாங்கியில் சேதம் உண்டா, அடுத்தவர் பறக்கலாமா என்று அவர் கேட்டால் அது துருவல் அல்ல. அந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லுங்கள். உங்களைப் பற்றிய கேள்விகள் எந்த விசாரணையின் கீழ் வருகின்றன என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, மகனின் பயிற்றுவிப்பாளருக்கும் பரிசோதகருக்கும் ஆகாது. பாடசாலையை மாற்றவா? – ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: அதற்காக மட்டும் மாற்றாதீர்கள், அம்மா. பாதியில் மாறினால் புதிய இடத்தில் பழைய பாடங்களையே திரும்பப் பறக்கச் சொல்வார்கள், செலவு உங்களுடையது. அடுத்த சோதனைக்கு வேறொரு பரிசோதகரைத் தரும்படி பாடசாலை மூலம் கேட்கலாம், அது வழமையான கோரிக்கைதான். அந்தப் பயிற்றுவிப்பாளர் பறப்புக்கு முன் எரிபொருளைத் தானே குச்சி விட்டு அளந்து பார்க்கிறாரா, மானியை மட்டும் நம்புகிறாரா என்று தம்பியிடம் கேளுங்கள். மானியை மட்டும் நம்புகிறவரென்றால் தாராளமாக மாற்றுங்கள்.