ஒயினில் முட்டை நாற்றம்: தொட்டிக்கு முன் தோட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் குடும்பமாக 2 ஏக்கரில் சிவப்பு ஒயின் திராட்சை வைத்து, ஒயினையும் நாங்களே தயாரிக்கிறோம். கொடிகளுக்கு 8 வயது. நான்கு ஆண்டுகளாக ரசாயன உரம் போடுவதில்லை. வரிசைகளுக்கு நடுவே ஆண்டு முழுவதும் புல் வளர விட்டிருக்கிறோம். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் மட்டும்தான். கடைசியாகத் தூவியது அறுவடைக்கு 12 நாள் முன்பு. பழத்தோலில் இருக்கும் ஈஸ்டை நம்பியே நொதிக்க வைக்கிறோம். இந்த முறை சாறு 25 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) இருந்தது. மூன்றாம் நாளே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. 6 பிரிக்ஸில் நொதித்தல் நின்று 10 நாளாகிறது. தொட்டியின் வெப்பம் 27 டிகிரியைத் தாண்டவில்லை. ஒயினைக் காப்பாற்ற முடியுமா? இயற்கை முறையைக் கைவிட வேண்டியதுதானா?

பதில்: கைவிட வேண்டாம். ஒயினையும் பெரும்பாலும் மீட்கலாம், ஆனால் இந்த வாரமே இறங்க வேண்டும்.

நாற்றமும் நொதித்தல் நின்றதும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: உங்கள் ஈஸ்ட் பட்டினி கிடந்திருக்கிறது. சர்க்கரை மட்டும் இருந்தால் ஈஸ்டுக்குப் போதாது. உடம்பு வளர்க்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். சாற்றில் அது குறைந்தால் ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களைக் கையாள முடியாமல் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேற்றும். அதுதான் முட்டை நாற்றம். போதாததற்கு, 12 நாளுக்கு முன் தூவிய கந்தகம் குலைகளில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. பட்டினி முற்றினால் ஈஸ்ட் வேலையை நிறுத்திவிடும். 35 டிகிரியைத் தாண்டும் சூடும் அதை நிறுத்தும், ஆனால் உங்கள் தொட்டி அவ்வளவு சூடாகவில்லை.

தழைச்சத்து எங்கே போனது? புல்லுக்குத்தான் போயிருக்கும். மண் அரிப்பைத் தடுக்கவும் வண்டித்தடம் இறுகாமல் இருக்கவும் புல் நல்லதுதான். ஆனால் ஆண்டு முழுக்க அறுக்காமல் விட்ட புல் கொடியோடு நீருக்கும் தழைச்சத்துக்கும் போட்டி போடும். வெளியிலிருந்து நான்கு ஆண்டுகளாக எதுவும் வரவில்லை. ஒவ்வொரு அறுவடையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போயிருக்கிறது. கொடி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பழமும் இனிக்கும். குறை சாற்றில்தான் தெரியும். அதனால்தான் இத்தனை அக்கறையோடு தோட்டம் பார்ப்பவர்களும் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் இப்போதுள்ள ஒயின். தழைச்சத்து தரும் உரமான டிஏபியை (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டையிலிருந்து எடுத்துத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். வயல் உரத்தில் கன உலோகங்கள் இருக்கலாம்; ஒயினுக்கு உணவுத் தரத்தில் தனியாகக் கிடைக்கும் டிஏபிதான் ஆகும். அதுவும் இப்போது பயன்படாது. உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆல்கஹால் ஏறியிருக்கும். அந்த நிலையில் ஈஸ்டால் அதை உள்ளே எடுத்துக்கொள்ள முடியாது. அடியில் படிந்த மண்டியிலிருந்து ஒயினைச் சுத்தமான கலனுக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். இனிப்போடு நிற்கும் ஒயினில் புளிப்பு பாக்டீரியா பெருகினால் வினிகர் வாடை ஏறிவிடும்.

பிறகு ஆல்கஹாலைத் தாங்கும் ஈஸ்ட் ரகத்தை 100 லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சிறிது இனிப்புச் சாற்றில் தாய்க்கலவையாக வளர்த்தெடுங்கள். கலவை நன்றாக நுரைத்து, அதன் இனிப்பு பாதியானதும் அதே அளவு ஒயினைச் சேருங்கள். மீண்டும் பாதியானதும் மீண்டும் அதே அளவு. இப்படி இரட்டித்துக்கொண்டே போய் முழு ஒயினையும் கலந்துவிடலாம். அவசரப்பட்டு ஈஸ்டை நேரே பெரிய தொட்டியில் போட்டால், 10 சதவீத ஆல்கஹாலில் அது உடனே சாகும். கலக்கும்போது இரண்டுக்கும் வெப்பம் 5 டிகிரிக்குமேல் வேறுபடக் கூடாது; 20 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருங்கள்.

நாற்றத்தை நாள்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். விட்டால் அது வெங்காயம், ரப்பர் வாடையடிக்கும் மெர்காப்டன்களாக மாறும், பிறகு எடுப்பது கடினம். இரண்டு டம்ளரில் ஒயின் எடுத்து, ஒன்றில் நன்கு தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டை விட்டுக் கலக்கி முகருங்கள். அதில் நாற்றம் போய்விட்டால் காரணம் செம்போடு சேரும் கந்தகச் சேர்மம்தான், பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. நொதித்தல் முடிந்த பின் செம்பு சல்பேட்டால் எடுக்கலாம். அந்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் செம்பைவிடக் குறைவு, கண்ணளவில் போடவே கூடாது. ஆய்வகத்தின் கணக்கில் மட்டும் செய்யுங்கள். கலனைக் கழுவ உள்ளே இறங்குபவருக்கு ஒரு வார்த்தை: நொதித்தலில் எழும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். அதற்கு மணமில்லை. இறங்கிய ஒருவரும் அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவருமாகக் குடும்பத்தில் இருவர் போன கதைகள் எல்லாத் திராட்சை நாடுகளிலும் உண்டு. நன்கு காற்றோட்டம் கொடுத்த பின்பே, வெளியே ஆள் நிற்க, இறங்குங்கள்.

இனித் தோட்டம். இந்தப் பருவத்தில் ஒன்றுவிட்ட வரிசைகளில் புல்லை உழுதுவிட்டு பயறு வகைகளை விதையுங்கள். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் வேர் முடிச்சுகள் சேர்த்த தழைச்சத்து மண்ணுக்குத் திரும்பும். மற்ற வரிசைகளில் புல் இருக்கட்டும், கொடி துளிர்விடும் காலத்தில் மட்டும் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். பிழிந்த சக்கையை வெளியே கொட்டாமல் மட்கவைத்துப் போடுங்கள். ஆனால் அதில் சாம்பல் சத்து மிகுதி, அளவு மீறினால் ஒயினின் பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும். பிஎச் ஏறினால் ஒயினைக் கெடாமல் காக்கும் சல்பர் டை ஆக்சைடும் கூடுதலாகத் தேவைப்படும்: 3.2 பிஎச்சில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் போதுமான இடத்தில், 3.8-இல் ஏறக்குறைய 80 வேண்டும். பூக்கும் போது இலைக்காம்பு ஆய்வு செய்து பார்த்தே மேலும் உரம் தேவையா என்று முடிவெடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையாகவே தழைத்து, நிழலில் குலைகள் அழுகும். அது இதைவிடப் பெரிய தொல்லை.

கந்தகத்தை அறுவடைக்கு 5 முதல் 6 வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு சாம்பல் நோய் தெரிந்தால் பொட்டாசியம் பைகார்பனேட் தெளிக்கலாம். குலைகளைச் சுற்றிக் காலை வெயில் படும் பக்கத்து இலைகளைக் கிள்ளிவிடுவதும் பெரிய பாதுகாப்பு, மாலைப் பக்கத்தைத் தொடாதீர்கள்.

அறுவடை நாளன்று சாற்றில் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய தழைச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நொதித்தல் திணறும். 25 பிரிக்ஸ் போல இனிப்பு மிகுந்த சாற்றுக்கு 200-க்கு மேல் வேண்டும். குறைந்தால் உணவுத் தர டிஏபியை லிட்டருக்கு கால் கிராம் போட்டால் 50 மில்லிகிராம் அளவு கூடும். நொதித்தல் தொடங்கிய பின் பாதியையும், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் மீதியையும் போடுங்கள். தோலிலுள்ள ஈஸ்டையே விரும்பினால் அதை விட வேண்டியதில்லை. சாற்றில் சத்து நிறைந்திருந்தால் அது உங்களை இப்படிக் கைவிடாது.