மாட்டுக் கொட்டகைக்கு மின் இணைப்பு: எர்த் இல்லாமல் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில், வீட்டிலிருந்து ஏறத்தாழ 60 அடி தள்ளி, இரும்புக் குழாய்க் கால்களும் தகரக் கூரையுமாக மாட்டுக் கொட்டகை போட்டிருக்கிறோம். மூன்று விளக்குகள், இரண்டு மின்விசிறிகள், சிங்கிள் ஃபேஸில் ஓடும் 2 எச்.பி. புல் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டும். பின்கட்டு பிளக்கிலிருந்து ஜி.ஐ. கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ஒயரைக் கட்டி இழுத்துவிடலாம், எர்த் தேவையில்லை என்கிறார் ஒயரிங் செய்பவர். அவர் சொல்வது சரிதானா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: சரியில்லை. அந்த வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

ஒயரின் மேலுறை எங்காவது உரசித் தேய்ந்து இரும்புக் காலில் பட்டால், கொட்டகை முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். செருப்புப் போட்ட மனிதருக்கு இலேசான சுருக்கென்ற உணர்வோடு போய்விடக்கூடிய கசிவு, ஈரத் தரையில் நிற்கும் மாட்டைக் கொன்றுவிடலாம்; ஏனெனில் அதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஐந்தடி தூரம் இருப்பதால், தரையில் பரவும் மின்னழுத்த வேறுபாடு அதன் நெஞ்சு வழியாகவே பாய்கிறது. தொட்டியில் வாய் வைத்த மாடு சட்டென்று தலையை இழுத்துக்கொண்டால், தண்ணீரைக் குறை சொல்லுமுன் மின்கசிவைச் சந்தேகியுங்கள்.

எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள முடியாது. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். உயிரைக் குடிக்கப் போதுமான அரை ஆம்பியர் கசிவு அதற்குத் தெரியாது. ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை வீட்டுப் பக்கத்திலேயே பொருத்துங்கள். அப்போது இடைப்பட்ட கேபிளும் அதன் காவலுக்குள் வரும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தும் எர்த் சரியாக இருந்தால், கசிவு தோன்றியவுடன், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். ஆகவே எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும்.

பிளக்கிலிருந்து எடுக்காமல், மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் தாமிர மூன்று கோர் (உள்கம்பி) ஆர்மர்ட் (இரும்புக் கவசமிட்ட) கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்குங்கள். இயந்திரம் ஓடும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் மெல்லிய ஒயர் உதவாது. கொட்டகைக்கென எர்த் குழி ஒன்றை, மாடு நிற்கும் இடத்தை விட்டுத் தள்ளித் தோண்டி, இரும்புச் சட்டம், மோட்டார் உடல், கேபிளின் எர்த் கோர் ஆகிய மூன்றையும் அதோடு இணைக்க வேண்டும். நியூட்ரலையே எர்த்தாகப் பயன்படுத்தும் குறுக்கு வழியை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள்.

உள்ளே ஒயர்கள் பி.வி.சி. குழாய்க்குள் இருக்கட்டும், எலி கடிக்கும். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா உலோகத்தை அரிப்பதால் தூசியும் நீரும் புகாத, ஐ.பி. 65 தரமுள்ள விளக்குகளே நிலைக்கும். சுவிட்சுகள் மாட்டின் நாக்குக்கும் கொம்புக்கும் எட்டக்கூடாது.

கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பியுங்கள். பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து எடுப்பது விதிமீறல். உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் வேலையைக் கொடுத்து, முடிந்ததும் 500 வோல்ட் மெக்கரால் (ஒயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். அளவு ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், குறை கண்டு சரிசெய்யும்வரை மாடுகளை அங்கே கட்ட வேண்டாம்.