40 பல் கியர் சேராததற்குக் காரணம்

லேத்தில் (கடைசல் இயந்திரம்) உடைந்த கியருக்குப் பதிலாக, படம் வரைந்து கொடுத்து வெட்டி வாங்கிய புதுக் கியர் சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் மாட்யூல் (மெட்ரிக் முறையில் பல்லின் அளவைச் சொல்லும் எண்) 1.75 என்று போட்டதுதான் தப்பு. உங்கள் பழைய இங்கிலீஷ் லேத் கியர் 14 டிபி (டயமெட்ரல் பிட்ச், அங்குல முறையில் பல்லின் அளவைச் சொல்லும் எண்). 40 பல், வெளிவிட்டம் 76.2 மி.மீ. என்கிறீர்கள், அது 3 அங்குலம். பல்லோடு 2 கூட்டி 3-ஆல் வகுத்தால் 14. மாட்யூலில் 1.814 வரும், கிட்டத்தில் இருக்கிறதே என்று 1.75 போட்டிருப்பீர்கள். வியாசர்பாடியில் வெட்டிக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை.

அதே லேத்தின் இன்னொரு கியரையும் அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நுனி தேய்ந்திருந்தால் அளவு குறையும், அதிகம் ஓடாததாக எடுங்கள்.

அப்புறம், பழைய கியர்களில் அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சரிவைத் தீர்மானிக்கும் கோணம்) 14½ டிகிரியாக இருக்கலாம். 20 டிகிரி கட்டரில் வெட்டினால் சரியாகச் சேராது. உடைந்த பழைய கியரின் துண்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் கட்டர் பல்லோடு வைத்துப் பாருங்கள். அதுவரை படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.